அமெரிக்க வக்கீல் கதை சரி, எண்ணூர் கேஸுக்கு யார் செலவு பண்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ராபர்ட் பிலட்னு ஒரு அமெரிக்க வக்கீலைப் பத்தி முழு பக்கம் போட்டிருந்தீங்க, டூபாண்ட்னு ஒரு பெரிய கெமிக்கல் கம்பெனி மேல கேஸ் போட்டு ஜெயிச்சவர்னு. படிச்சேன், என் பையனையும் படிக்கச் சொன்னேன். நான் தண்டையார்பேட்டைக்காரன், தம்புச்செட்டி தெருவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க சார் பேர் இங்க வேணாம், அவருக்கு அதெல்லாம் பிடிக்காது, ஆனா அவரும் கம்பெனிங்களுக்கு எதிரா நிக்கறதையே பொழப்பா வெச்சிருந்தவர்தான். மெஷின்ல கை போனவன், கன்டெய்னர் லாரில அடிபட்டுச் செத்தவனோட பொண்டாட்டி, பாய்லர் பக்கத்துல நின்னு வெந்துபோனவன், இவங்கதான் எங்க கட்சிக்காரங்க. அதனால உங்க கட்டுரையை நான் மத்தவங்க படிக்கிற மாதிரி படிக்கல, எங்க எண்ணூர்ல நடந்த எண்ணெய்க் கசிவு, அமோனியாக் கசிவு மாதிரி விஷயத்துக்குக் கேஸ் போட்டா யார் செலவு பண்றதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டே படிச்சேன்.

அந்த வக்கீல் எவ்ளோ நல்லவரு, எவ்ளோ பிடிவாதக்காரருன்னு பக்கம் முழுக்க எழுதிட்டு, அத்தனை வருஷம் அவர் ஆபீஸ் வாடகையை யார் கட்டினாங்க, டைப் அடிக்கறவனுக்கு யார் சம்பளம் குடுத்தாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே சார். அதுதான் இந்தத் தொழில்ல முக்கியமான கேள்வி. நல்ல மனசு உள்ள வக்கீலுக்கு மெட்ராஸ்ல பஞ்சமே இல்ல, ஹைகோர்ட் எதிர் தெருவுல நின்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. ஆனா பத்து வருஷம் ஒரே கம்பெனி மேல கேஸ் நடத்தி, நடுவுல பசங்களுக்கு ஸ்கூல் ஃபீஸும் கட்ட முடியற வக்கீல் எத்தனை பேர் இருக்காங்கன்னு தேடிப்பாருங்க.

பிலட் கேஸ்ல எனக்கு ரொம்ப பொறாமையா இருந்தது ஒரு விஷயம், அதைக் கட்டுரையில ரெண்டு வரியில தாண்டிட்டீங்க. 1998ல வெஸ்ட் வர்ஜீனியாவுல பார்க்கர்ஸ்பர்க் பக்கத்துல மாடு வளர்க்கற ஒருத்தர், டென்னன்ட்னு பேரு, டூபாண்ட் கழிவால அவரோட மாடெல்லாம் சாகுதுன்னு வீடியோ கேசட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. பிலட் அதுவரைக்கும் சின்சினாட்டியில கெமிக்கல் கம்பெனிங்களுக்காக வாதாடற பெரிய ஆபீஸ்ல வேலை பார்த்தவர், அதாவது அந்தப் பக்கத்து ஆளு. 1999ல கேஸ் போட்டாங்க, அப்புறம் கோர்ட் ஆர்டர் வாங்கி கம்பெனியோட ஃபைலை எல்லாம் குடுக்க வெச்சாங்க. வந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பக்கத்துக்கு மேல! அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வந்து இறங்கினதை அந்த மனுஷன் தரையில உக்காந்து தேதி வாரியா அடுக்கிப் படிச்சிருக்காரு, அதுக்குள்ளதான் ஒட்டாத தோசைக்கல்லுல பூசற டெஃப்லான் செய்யப் பயன்படுத்தின சி-8ங்கற கெமிக்கல் எலி, முயலோட ஈரலை வீங்க வைக்குதுன்னு 1961லயே கம்பெனி ஆராய்ச்சியாளருங்களுக்குத் தெரியும்ங்கறது இருந்துச்சு. ஒரு குமாஸ்தாவா சொல்றேன், கேஸ் ஜெயிச்சது அங்கதான், வாதத்துல இல்ல. எதிர்க்கட்சி பெட்டிக்குள்ள இருந்த பேப்பர்தான் ஜெயிச்சுது.

நம்ம சிவில் நடைமுறைச் சட்டத்துலயும் அதுக்கு வழி இருக்கு, ஆர்டர் 11னு சொல்வாங்க, எதிராளிகிட்ட இருக்கற டாக்குமென்ட்டைக் கேட்டு வாங்கலாம். ஆனா எங்க ஆபீஸ்ல அந்தப் பெட்டிஷன் போட்டா நடக்கறது என்னன்னா, கம்பெனி வக்கீல் எதிர்ப்பு மனு போட டைம் கேப்பாரு, ஒரு வாய்தா, ரெண்டு வாய்தா, அப்புறம் அந்த ரெகார்டு எல்லாம் வெள்ளத்துல நனைஞ்சு போச்சுன்னு ஒரு அபிடவிட் வரும். மணலி பக்கம் வெள்ளம் வரலைன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது பாருங்க, ஜட்ஜும் என்ன பண்ணுவாரு. அப்புறம் நம்ம சாட்சியை வெச்சே கேஸை நடத்துன்னு ஆயிடும். நம்ம சாட்சின்னா யாரு, கூட வேலை செஞ்சவன். அவன் இன்னும் அதே ஷெட்லதான் வேலை செய்யறான்.

இங்க நடக்கற ஒரு சின்ன விஷயம் சொல்றேன், பெரிய வக்கீல்ங்களுக்கே கூட இது தெரியாது. தகட்டை அழுத்தி வெட்டற பவர் பிரஸ் மெஷின்ல விரல் போறது வடசென்னையில சர்வ சாதாரணம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி கை ஆபரேஷனுக்கு நாடு பூரா பேர் வாங்கினதுல நம்ம ஷெட்டுங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. மெஷின்ல பாதுகாப்புத் தடுப்பு இருக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 21ஆவது பிரிவே சொல்லுச்சு, ஆனா தடுப்பு போட்டா உற்பத்தி கம்மியா வருதுன்னு அதைக் கழட்டி மூலையில வெச்சிடுவாங்க. விரல் போனதும் சூப்பர்வைசரே ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போவாரு, நல்ல மனுஷன் மாதிரி தெரியும், கேஷுவாலிட்டியில டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேப்பாரு, வலியில கத்தறவனுக்குப் பதிலா சூப்பர்வைசர் பதில் சொல்வாரு: வீட்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு சார். முடிஞ்சுது. ஆஸ்பத்திரி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல (ஏஆர்) அந்த வரி ஏறிடும். ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க ஏஆர் காப்பி வாங்கினா அதுல அதான் இருக்கும், எதிர்க்கட்சி வக்கீல் கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, பண்றப்ப அந்த ஒரு வரியை மட்டும் படிச்சுட்டு உக்காந்துடுவாரு. அதை உடைக்கறதுக்கு எங்க சார் எடுத்துக்கிட்ட மெனக்கெடு இருக்கே, கதவு இடுக்குல மாட்டினா எலும்பு எப்படி நசுங்கும், பிரஸ்ல போனா எப்படி வெட்டுப்படும்னு ஆபரேஷன் பண்ண டாக்டரையே சாட்சிக் கூண்டுல ஏத்திக் கேட்டவர் அவர். அந்த டாக்டருக்கு சம்மன் போட்டு, அவர் டியூட்டி பார்த்து, வரவெச்சு, அதுக்குள்ள கட்சிக்காரன் ஊரைவிட்டே போயிருப்பான்.

அடுத்த கல்லு, நீ எங்க ஆளே இல்லைங்கறது. கம்பெனி காண்ட்ராக்டரைக் காட்டும், காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவாரு, மேஸ்திரி போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடுவாரு. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல 12ஆவது பிரிவு என்ன சொல்லுச்சுன்னா முதன்மை முதலாளி, அதாவது வேலையைக் காண்ட்ராக்ட் விட்ட கம்பெனி, முதல்ல பணத்தைக் கட்டணும், அப்புறம் காண்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். இப்ப அதையெல்லாம் புது லேபர் கோடுங்கற தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள சேத்துட்டாங்க, ஆனா சண்டை அதே சண்டைதான். கணக்கு என்னன்னும் சொல்லிடறேன், நிறைய பேருக்குத் தெரியாது: செத்தவனுக்கு மாசச் சம்பளத்துல பாதியை எடுத்து வயசுக்கு ஒரு பெருக்கல் எண்ணால பெருக்கணும். 40 வயசுன்னா அந்த எண் 184.17. சம்பளம் எவ்ளோ வாங்கினாலும் 15,000ன்னுதான் எடுத்துக்குவாங்கன்னு 2020லேர்ந்து வெச்சிருந்தாங்க, ஆக 7,500ஐ 184.17ஆல பெருக்கினா 13 லட்சத்து 81 ஆயிரத்துச் சொச்சம். இதுல யார் தப்புன்னு பெரிசா நிரூபிக்கத் தேவையில்ல, வேலையில இருக்கறப்ப நடந்துச்சுன்னு காட்டினா போதும். ஆனா சம்பளம் கையில ரொக்கமா குடுத்திருப்பாங்க, மஸ்டர் ரோல்ங்கற வருகைப் பதிவேட்டுல பேர் இருக்காது, ஈஎஸ்ஐ பிடிச்சிருக்க மாட்டாங்க. இந்த 13 லட்சம் பேப்பர்ல இருக்கறது, கைக்கு வர்றது வேற.

சரி, இப்ப ஃபீஸ் விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இந்த லெட்டரே.

அமெரிக்காவுல வக்கீல் ஜெயிச்சா பங்கு, தோத்தா ஒண்ணும் இல்லைன்னு ஒப்பந்தம் போட்டுக்கலாம். பிலட் குரூப் 2004ல ஊர்க்காரங்க எல்லாருக்குமா சேர்த்துப் போட்ட கேஸை ராஜி பண்ணப்ப வக்கீல்ங்களுக்கு மட்டும் 2 கோடியே 17 லட்சம் டாலர் கிடைச்சுது. அந்தப் பணம் வரும்னு ஒரு நம்பிக்கை இருந்ததாலதான் அந்தப் பெரிய ஆபீஸ் அவ்ளோ வருஷம் முணுமுணுத்துக்கிட்டே சம்பளம் குடுத்துச்சு. இங்க பார் கவுன்சில் ரூல்ஸ்ல 20ஆவது ரூல் தெளிவா சொல்லுது, கேஸோட முடிவை வெச்சு ஃபீஸ் பேசக்கூடாது, வர்ற பணத்துல பங்கு கேக்கக்கூடாது. காரணமும் நியாயமான காரணம்தான். எங்க சார் அந்த ரூலை அச்சுப் பிசகாம கடைப்பிடிச்சவர், பங்கு பேசின அன்னிக்கே நீ வக்கீல் இல்ல, அந்தக் கேஸுல நீயும் ஒரு கட்சிக்காரன்னு சொல்வாரு. அதுல ஒரு ஆபத்து இருக்கறது உண்மைதான், வக்கீலுக்கு அவசரமா பணம் தேவைன்னா அஞ்சு லட்சம் வரவேண்டிய இடத்துல ரெண்டு லட்சத்துக்கு ராஜி பண்ணிக்கோம்மான்னு சொல்லிடுவான்.

ஆனா நடைமுறை என்ன சார்? பங்கு இல்லையா? ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற புரோக்கர்கிட்ட கேளுங்க. பாடி மார்ச்சுவரியில இருக்கறப்பவே வக்காலத்துல கைநாட்டு வாங்கிடுவான். எத்தனை பர்சன்ட்டுன்னு எழுத்துல இருக்காது, வாய்ப்பேச்சு, கடைசியில செக் வர்றப்ப பேங்க் வாசல்லயே பிரிச்சுக்கிட்டுப் போயிடுவான். ரூல் இருக்கறதால பங்கு நிக்கல, மறைஞ்சுதான் போச்சு. மறைஞ்சு போனதால அதுக்கு அளவும் இல்லாம போச்சு. ரூலை மதிக்கற எங்க சார் மாதிரி ஆளுங்க கட்சிக்காரன் குடுக்கற ஐநூறு ஆயிரத்தை வாங்கிக்கிட்டு, சில நேரம் ஸ்டாம்ப் செலவையும் அவங்களே போட்டுக்கிட்டு, மாசக் கடைசியில சிவில் சூட்டு, வாடகைக் கேஸுன்னு பார்த்து அந்தக் காசுல இந்தக் கேஸை ஓட்டினாங்க. ஜூனியருங்க வருவாங்க, ஒரு வருஷம் இருப்பாங்க, சார் சூப்பரா சொல்லிக் குடுக்கறாருன்னு சொல்வாங்க, அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி பேனல்ல இடம் கிடைச்சதும் எதிர்ப்பக்கம் போயிடுவாங்க. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகணும்ல.

என் அபிப்பிராயம் இதான், சாருக்குக் கோவம் வந்தாலும் பரவாயில்ல: பங்கை சட்டபூர்வமா ஆக்கிடுங்க, ஆனா ஒரு உச்சவரம்பு போட்டு, எழுத்துல எழுதி, கோர்ட்டே அந்தப் பர்சன்ட்டைப் பார்த்து சரின்னு சொன்னாத்தான் செல்லும்னு வைங்க. மோட்டார் ஆக்சிடென்ட் பணத்தை கோர்ட் டெபாசிட்ல போட்டு பேங்க் அக்கவுன்ட்டுக்கே அனுப்பற மாதிரி இதையும் பண்ணலாம். அது முடியாதுன்னா அரசாங்கம் ஒரு ஃபண்ட் வெச்சு, இந்த மாதிரி கேஸுக்கு டாக்டர் சாட்சி, லேப் டெஸ்ட், காப்பி எடுக்கற செலவு எல்லாத்தையும் முன்பணமா குடுக்கட்டும். ரெண்டும் இல்லாம நல்ல வக்கீல் வரணும், வரணும்னா எங்கேர்ந்து வருவான்?

பங்கு வந்தா என்ன கூத்து நடக்கும்னு பயப்படறவங்க போபாலைச் சொல்வாங்க. 1984 டிசம்பர்ல யூனியன் கார்பைடு ஃபேக்டரியில விஷவாயு கசிஞ்ச கொஞ்ச நாள்லயே அமெரிக்க வக்கீல்ங்க ஃபிளைட் பிடிச்சு வந்து இறங்கி, தெருவுல கையெழுத்து வாங்கினது உண்மைதான், பார்க்க அசிங்கமாத்தான் இருந்துச்சு. அதைத் தடுக்கறேன்னு 1985ல ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் இந்திய அரசாங்கமே ஒரே வக்கீல்னு ஆக்கினாங்க. நியூயார்க் கோர்ட்டு 1986ல கேஸை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிடுச்சு. 1989ல 47 கோடி டாலருக்கு ராஜி, மொத்தத்துக்குமே. அந்த ராஜிக்கு முன்னாடி போபால்ல இருந்த விதவைங்க ஒருத்தர்கிட்டயாவது சம்மதமான்னு கேட்டாங்களா? அப்புறம் அந்தத் தொகை பத்தாதுன்னு அதே அரசாங்கமே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, 2023 மார்ச்சுல அதையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. பேராசை பிடிச்ச வக்கீல் ஒரு பக்கம்னா, கேக்காமலே உன் சார்பா கையெழுத்துப் போடற அரசாங்கம் இன்னொரு பக்கம். ரெண்டாவது ரொம்ப ஒசத்தின்னு எனக்குத் தோணல.

சட்டம் நம்மகிட்ட வீக்குன்னு யாரும் நினைக்க வேணாம், அமெரிக்காவை விட ஒரு படி மேலன்னே சொல்லலாம். போபாலுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு 1985 டிசம்பர் 4 அன்னிக்கு டெல்லியில ஸ்ரீராம் ஃபேக்டரியில ஓலியம்ங்கற விஷவாயு கசிஞ்சுது, திஸ் ஹசாரி கோர்ட்டுல பிராக்டிஸ் பண்ண ஒரு வக்கீல் செத்துப்போனாரு. சுற்றுச்சூழல் வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட அந்தக் கேஸ்ல நீதிபதி பகவதி தலைமையில அஞ்சு ஜட்ஜுங்க 1986 டிசம்பர்ல சொன்னது இன்னிக்கும் எங்க தொழிலுக்கு வேதம்: ஆபத்தான தொழில் நடத்தினா, எவ்ளோ கவனமா இருந்தேன்னு சொன்னாலும் எடுபடாது, நஷ்டத்தைக் குடுத்தே ஆகணும், கம்பெனி எவ்ளோ பெரிசோ நஷ்ட ஈடும் அவ்ளோ பெரிசா இருக்கணும். படிச்சா புல்லரிக்கும். ஆனா அதே தீர்ப்போட கடைசியில என்ன இருக்குன்னு நிறைய பேர் பார்க்கறதில்ல. பணம் எவ்ளோன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லல, டெல்லி சட்ட உதவி வாரியம் பாதிக்கப்பட்டவங்களுக்காக கீழ்க் கோர்ட்டுல தனித்தனியா கேஸ் போடட்டும்னு அனுப்பிட்டாங்க. மேல கொள்கை, கீழ வாய்தா. 1991ல பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, யார் தப்புன்னு கேக்காம உடனே பணம் குடுக்கறதுக்கு. அந்தச் சட்டம் வந்தப்ப ஒரு உசுருக்கு வெச்ச விலை 25 ஆயிரம் ரூபா.

நம்ம பக்கம் எதுவுமே ஜெயிச்சதில்லையான்னா ஜெயிச்சிருக்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரச விவகாரம் 2001ல வெடிச்சு ஃபேக்டரியை மூடினாங்க, முன்னாள் தொழிலாளருங்க சங்கமா சேர்ந்து ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, 2016 மார்ச்சுல 591 பேருக்கு இந்துஸ்தான் யூனிலீவர் செட்டில் பண்ணுச்சு, தொகை எவ்ளோன்னு வெளிய சொல்லல. பதினஞ்சு வருஷம். வேலூர் தோல் ஷெட்டுக் கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட், கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு தீர்ப்பு எழுதுச்சு, 2025 ஜனவரியில அதே பாலாறு விஷயத்துக்கு அதே கோர்ட் இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்துச்சு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

எண்ணூருக்கு வரேன். 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகம் பக்கத்துல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப பக்கெட்ல அள்ளினாங்களே, அதை ஊரே பார்த்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து பக்கிங்ஹாம் கால்வா வழியா கொசஸ்தலை ஆத்துல கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கறுப்பாச்சு, வீட்டுச் சுவத்துல எல்லாம் கோடு போட்ட மாதிரி எண்ணெய்க் கறை. அந்த மாசமே 26ஆம் தேதி ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல, கப்பல்லேர்ந்து உரக் கம்பெனிக்கு அமோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கொழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க, கெடைச்ச ஆட்டோ, பைக், என்ன கெடைச்சுதோ அதுல.

எண்ணெய்க் கசிவுக்கு அரசாங்கம் நிவாரணம் குடுத்துச்சு, மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகு ரிப்பேருக்கு 10,000ன்னு. குடுத்தது நல்லதுதான், வலை மொத்தம் எண்ணெய்ல ஊறிப்போனவனுக்கு அன்னிக்கு அது தேவை. ஆனா நிவாரணம் வேற, நஷ்ட ஈடு வேற சார். நிவாரணம் அரசாங்கம் இரக்கப்பட்டுக் குடுக்கறது, நஷ்ட ஈடு தப்புப் பண்ணவன் கணக்குத் தீர்க்கறது. எங்க ஜனங்க என்ன நினைச்சாங்க, டோக்கன் வாங்கியாச்சு, பணம் வந்துடுச்சு, கேஸ் முடிஞ்சுதுன்னு. அப்ப காசிமேட்டுல ஒருத்தர் என்கிட்டயே கேட்டாரு, "இன்னாண்ணே, பன்னெண்டாயிரம் வாங்கிட்டோமே, இனிமே கேஸ் போட்டா அந்தத் துட்டைத் திருப்பிக் கேப்பாங்களா?" அப்டி எல்லாம் கேக்க மாட்டாங்கன்னு அவருக்குச் சொன்னேன், எத்தனை பேருக்குப் போய்ச் சொல்றது.

இங்கதான் பிலட் கேஸ்ல இன்னொரு விஷயம் வருது, உங்க கட்டுரையில அது சுத்தமா இல்ல. 2004 ராஜியில வந்த 7 கோடி டாலரை ஆளாளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். அவங்க பண்ணது வேற. ஊர்க்காரங்க ரத்தத்தை டெஸ்ட் பண்றதுக்கே அதைச் செலவழிச்சாங்க, ரத்தம் குடுத்து ஃபாரம் பூர்த்தி பண்ணா ஆளுக்கு 400 டாலர்னு சொன்னாங்க, கிட்டத்தட்ட 69 ஆயிரம் பேர் வந்து குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட விஞ்ஞானிங்க மூணு பேர் அதை வருஷக்கணக்கா உக்காந்து ஆராய்ஞ்சு, 2012க்குள்ள ஆறு நோய்க்கும் சி-8க்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னாங்க, கிட்னி கேன்சர், தைராய்டு எல்லாம் அதுல இருக்கு. அதுக்கப்புறம் கம்பெனியால, அந்த நோய் இந்தக் கெமிக்கலால வரவே வராதுன்னு வாதாட முடியல, அப்படித்தான் ஒப்பந்தம். 2017ல 3,500க்கும் மேல பேருக்குச் சேர்த்து 67 கோடி டாலருக்கு ராஜி ஆச்சு. முதல்ல வந்த டென்னன்ட் அதைப் பார்க்கல, 2009லயே செத்துட்டாரு.

எண்ணூர்ல யார் ரத்தத்தை யார் எடுத்து வெச்சிருக்கா? அமோனியா ராத்திரிக்கு மூச்சுத் திணறி அட்மிட் ஆனவங்க டிஸ்சார்ஜ் சம்மரியாவது பத்திரமா வெச்சிருக்காங்களா? கம்பெனியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தண்ணி, காத்தைத்தான் அளப்பாங்க, அதையும் அவங்க சொல்ற நேரத்துல அவங்க சொல்ற இடத்துல. மனுஷன் உடம்பை யாரும் அளக்கறதில்ல. நாளைக்கு ஒரு பொம்பளைக்கு நுரையீரல்ல கோளாறுன்னு வந்து நின்னா, விறகடுப்பு புகைம்மா, உன் வீட்டுக்காரன் பீடி பிடிப்பானான்னுதான் கிராஸ் ஆரம்பிக்கும். அதுக்குப் பதில் சொல்ல பழைய ரெகார்டு வேணும். முதல்ல ஒரு தடவை எடுத்து வெச்சாத்தானே அப்புறம் கூடிச்சா குறைஞ்சுதான்னு தெரியும். சுற்றுச்சூழல் கேஸைப் பார்க்கற தேசிய பசுமைத் தீர்ப்பாயமோ ஹைகோர்ட்டோ எந்தக் கம்பெனி மேல அபராதம் போட்டாலும் அதுல முதல் பங்கை இந்த மாதிரி ஜனங்க உடம்பைச் சோதிக்கறதுக்கு ஒதுக்கணும்னு உங்க பேப்பர் ஒரு தலையங்கம் எழுதினா நல்லாயிருக்கும். இப்ப அந்த அபராதம் எல்லாம் எங்க போகுது, எதுக்குச் செலவாகுதுன்னு ஒரு ஆர்டிஐ போட்டு உங்க ரிப்போர்ட்டர் தம்பிங்களே கேக்கலாம்.

2025 செப்டம்பர் 30 அன்னிக்கு எண்ணூர் அனல்மின் நிலையம் கட்டற இடத்துல சாரம் சரிஞ்சு ஒன்பது பேர் செத்தாங்க, வடகிழக்குலேர்ந்து வந்த பசங்க. அறிவிச்ச உதவித்தொகை சரி. ஆனா அந்தக் குடும்பங்க நஷ்ட ஈட்டுக் கேஸுக்கு மெட்ராஸ்தான் வரணும்னு நினைச்சுக்கிட்டு அதை விட்டுடக் கூடாது. பழைய 1923 இழப்பீட்டுச் சட்டத்துல 21ஆவது பிரிவுப்படி செத்தவனோட குடும்பம் எங்க இருக்கோ அந்த ஊர்லயே மனு போடலாம்னு இருந்துச்சு, எங்க சார் இதே வழியை வெச்சு ஒரிசா பையன் ஒருத்தனோட அம்மாவை அலைய விடாம அந்த ஊர் வக்கீலோட பேசி இங்கேர்ந்தே எல்லா காப்பியையும் அனுப்பினாரு. காப்பி எடுத்து, அட்டஸ்ட் வாங்கி, ரிஜிஸ்டர் தபால்ல போட்டவன் நான்தான். இதெல்லாம் எந்தக் கட்டுரையிலயும் வராது, கூண்டுல ஏறி கர்ஜனை பண்ற சீன் மட்டும்தான் வரும்.

கடைசியா, ஒரு வரி விடாம இதை மட்டும் போடுங்க, மத்ததை வெட்டினாலும் பரவாயில்ல. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல 12ஆவது பிரிவுல இலவச வக்கீல் யார் யாருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. பொம்பளைங்க, எஸ்சி, எஸ்டி, தொழிலாளர், அதோட தொழிற்சாலைப் பேரழிவுல பாதிக்கப்பட்டவங்கன்னே அதுல எழுதியிருக்கு, வருமானச் சான்றிதழ் கூட இவங்களுக்குத் தேவையில்ல. ஹைகோர்ட் காம்பவுண்டுலயே ஆபீஸ் இருக்கு. அங்க போற பேனல் வக்கீலுக்குக் குடுக்கற ஃபீஸ் ரொம்பக் கம்மி, அதை ஏத்தணும், கெமிக்கல் கேஸ் தெரிஞ்சவங்களை அந்தப் பேனல்ல தனியா போடணும், அது அரசாங்கத்துக்கு நான் வைக்கிற கோரிக்கை. ஜனங்களுக்கு நான் சொல்றது, ஓபி சீட்டு, மருந்து பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, படகு ரிஜிஸ்ட்ரேஷன், அன்னிக்கு எடுத்த போட்டோ எதையும் தூக்கிப் போடாதீங்க, போட்டோவை போன்லயே வெச்சிருந்தா போன் மாத்தறப்ப காப்பி எடுத்துக்குங்க. பசுமைத் தீர்ப்பாயத்துல நஷ்ட ஈடு கேக்க அஞ்சு வருஷம் டைம், சம்பவம் நடந்த தேதியிலேர்ந்து. கேக்கற தொகையில ஒரு பர்சன்ட் ஃபீஸ் கட்டணும், வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அதுவும் இல்ல. 2023 டிசம்பர் எண்ணெய்க்கும் அமோனியாவுக்கும் 2028 டிசம்பர்ல அந்த டைம் முடியுது.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் வக்கீல் குமாஸ்தா ஒருத்தன்,
தண்டையார்பேட்டை, சென்னை